பட்டியலில் இன்னொன்று

தயாளன் வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். வைஃபையில் இணைந்திருக்கும் கம்ப்யூட்டர்களின் பட்டியலிலோ இரண்டு தெரிகின்றன. மற்றது பெயரில்லாமல், வெறும் எண்ணும் எழுத்துமாக நிற்கிறது. மோடத்தின் பச்சை விளக்கு விடாமல் துடிக்கிறது. "ஒரு மாசமா கண்ணு வலிக்க வலிக்க நான் வரைஞ்ச புடவை பார்டருங்க. எவனோ உள்ள பூந்து எடுத்துகினு போய், நமக்கு முன்னாடி தறியில ஏத்திட்டான்," என்கிறாள் மனைவி சுகன்யா. மவுஸை நகர்த்தி, பெயரில்லாத அந்த வரியைச் சுட்டுகிறாள். "எந்த நாயின்னு இப்ப தெரிஞ்சிடும்!" தயாளன் மோடத்தின் வயரைப் பிடுங்குகிறான். விளக்கு அணைகிறது. பாகம் பிரித்தபோது எழுப்பிய சுவருக்கு அப்பாலிருந்து, நான்கு வருடமாகப் பேசாத அண்ணன் கத்துகிறான்: "டேய் தயாளா, நெட்டு போயிடுச்சி பாரு. ஜல்தி போட்றா!"