வளைவுக்குப் பின்னால் நின்ற தடுப்பு

சாலை வளைவு முடிகிற இடத்தில், ஒரு மரத்தின் மறைவில், போலீஸ் தடுப்பு பதுங்கி நின்றது. பக்கத்தில் ஓர் ஆரஞ்சுக் கூம்பு.

"அண்ணே, நான் வளைவுக்கு முன்னாடி போய் நிக்கறேனே. வர்றவன் பார்த்து மெதுவா வருவான். ஏட்டய்யா வேற நடுரோட்டுல நிக்கறாரு" என்றது கூம்பு.

தடுப்பு சக்கரம் கிறீச்சிடத் திரும்பியது. "ஓஹோ! உன்னைப் பார்த்ததும் கைப்பிடியில தொங்கற ஹெல்மெட்டை எடுத்துத் தலையில மாட்டிக்குவானுங்க. அதுக்குத்தானே? நீ அவனுங்க ஆளாடா?"

"ஐயோ, இல்லண்ணே!"

"அப்ப வாயை மூடிக்கிட்டு என் பின்னாடி நில்லு. நாம இங்க இருக்கறது ஒரு ஈ, காக்காய்க்குக்கூடத் தெரியக்கூடாது."

பாம்ம்ம்ம்! வளைவில் ஒரு மணல் லாரி திரும்பியது. ஏட்டய்யா ஒரே தாவாகத் தாவி ஓரத்துப் புதரில் விழுந்து தப்பினார். லாரி தடுப்பைத் தூக்கி வாய்க்காலில் வீசிவிட்டுத்தான் நின்றது.

கூம்பு உருண்டு போய் எட்டிப் பார்த்தது. சேற்றில் சக்கரம் மேலே தெரியக் கிடந்த தடுப்பு, மிச்சமிருந்த ஒரே ரிஃப்ளெக்டர் கண்ணால் அதை முறைத்தது.

"உண்மையைச் சொல்லு. நாம இங்க நிக்கறதை லாரிக்கு யாருடா சொன்னது?"

"யாருமே சொல்லலண்ணே" என்றது கூம்பு.