வந்தவர்களுக்குத் தண்ணீர்

குழாயில் தண்ணீர் வரவில்லை என்று அராபா சொன்னாள்.

வந்தவர்கள் இருவர். அறையில் இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் கணவன் எபோவின் தாய்மாமா குவாமினா உட்கார்ந்திருந்தார். எபோவின் தம்பி ஆட்டா குளியலறை வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

கடற்கரைக் கிராமமான கொமெண்டாவிலிருந்து தக்கோராடி நகரத்துக்கு, ஆளோடு ஆள் ஒட்டிய வேனில், உச்சி வெயிலில் வந்திருக்கிறார்கள். மாமாவின் உதட்டோரம் வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

"காலையிலேருந்தே வரல மாமா. ஞாயித்துக்கிழமை பாருங்க, கடைக்காரங்களும் சர்ச்சுக்குப் போயிட்டாங்க."

"பரவால்லம்மா. தாகமில்ல."

மீன்பிடிப் படகில் பெட்ரோல் கேன் தீப்பிடித்து, உடல் வெந்த எபோவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த நாளிலிருந்து அவள் இந்த ஹோட்டலில்தான் இருக்கிறாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு இங்கிருந்து நடந்தே போய்விடலாம். மற்ற அறைகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். பக்கத்து அறைக் கட்டில் இப்போதும் சுவரில் இடித்துக்கொண்டிருந்தது. அது காதில் விழாதவர்போல மாமா மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாடகை அறை என்றாலும் இப்போது அவள்தான் வீட்டுக்காரி.

அவர்கள் வழக்கப்படி, வந்தவர் தண்ணீர் குடித்த பிறகுதான் அவர் வந்த காரியத்தை வீட்டுக்காரர் கேட்க வேண்டும். கேட்ட பிறகுதான் வந்தவர் வாய் திறக்க வேண்டும். நல்ல சேதியோ கெட்ட சேதியோ, தண்ணீர் படாத நாக்கு அதைச் சொல்லக் கூடாது.

அராபா பேசிக்கொண்டே இருந்தாள். மத்தி விலை. மாமியாரின் முழங்கால். போன மழையில் ஒழுகிய கூரை.

"என்ன ஆட்டா, தாடியெல்லாம்? சந்தைக்குள்ள போயிடாதே. ஆடெல்லாம் சொந்தக்காரன்னு பின்னாலயே வந்துடும்."

ஆட்டா அவளை 'என் பொண்டாட்டி' என்றுதான் கூப்பிடுவான். அண்ணன் மனைவியை அப்படிக் கேலி செய்வது தம்பியின் உரிமை. கல்யாணப் பந்தலில் தொடங்கியது, ஒரு நாளும் விட்டதில்லை.

"இல்ல அராபா," என்றான் தரையைப் பார்த்து. "வழிக்க நேரமில்ல."

அவள் சட்டென்று மேசைப் பக்கம் திரும்பினாள். மேசைமேல் மூடியிட்ட ஃபிளாஸ்க் இருந்தது.

"காலையில நிலக்கடலை சூப் வெச்சு எடுத்துட்டுப் போனேன் மாமா. அறையில அடுப்பு பத்தவைக்கக் கூடாதுன்னு கீழ எழுதித்தான் போட்டிருக்கான், யாரு கேட்டா? எபோ நல்லா சாப்பிட்டார். காரம் பத்தலன்னு நர்ஸ்கிட்ட சண்டை வேற."

மாமா தலையாட்டினார். "அவனுக்குக் காரம் வேணும்," என்றார். குரல் பாதியிலேயே காய்ந்து நின்றது.

பாதி திறந்திருந்த கதவில் மேனேஜர் டெட்டே தலையை நீட்டினார்.

"என்ன தங்கச்சி, பெரியவரை இப்படிக் காயப்போடுறியே? நேத்துதானே ஒரு மூட்டை தண்ணிப் பாக்கெட் தூக்கிட்டு வந்து போட்டேன்? அதுக்குள்ள காலியா? உள்ள ஒட்டகம் கிட்டகம் வளக்குறியா?"

"தீந்துபோச்சு அண்ணே."

டெட்டேயின் கண் கட்டிலுக்கடியில் போனது. அங்கே ஒரு துணியைப் போட்டு எதையோ மூடியிருந்தது. துணியின் ஓரத்தில் பாலிதீன் மினுங்கியது. அவர் கிழவரைப் பார்த்தார். வாளிமேல் குனிந்து உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார். பக்கத்து அறைக் கதவில் அவர் தட்டுவது கேட்டது. கட்டில் சத்தம் நின்றது.

இப்போது அறையில் பேச்சு மட்டும்தான் மிச்சம் இருந்தது. அவளிடம் அதுவும் தீர்ந்துபோயிருந்தது.

மாமாவுக்கு இருமல் வந்தது.

முதலில் தொண்டையைச் செருமுவதுபோலத்தான் இருந்தது. பிறகு நிற்கவில்லை. தோள்கள் குலுங்கின, கண்ணில் நீர் கோத்தது, ஒரு கை நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. அராபா பாதி எழுந்தாள். இருமலுக்கு நடுவிலேயே அவர் இன்னொரு கையைத் தூக்கி வேண்டாம், வேண்டாம் என்று ஆட்டினார்.

அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கட்டிலுக்கடி நேராகத் தெரியும். வந்ததிலிருந்தே தெரிந்திருக்கும்.

எபோவை முதன்முதலில் கடலுக்குக் கூட்டிப்போனவர். துடுப்பைப் பிடிக்கக் கற்றுத்தந்தவர். அவருக்கும் சொல்ல விருப்பமில்லை.

அவள் மண்டியிட்டு மூட்டையை வெளியே இழுத்தாள். ஒரு பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்துக் கிழித்து அவர் கையில் வைத்தாள். சிந்தாமலிருக்கத் தன் கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். அவர் முதலில் தரையில் இரண்டு சொட்டு முன்னோருக்கு விட்டார். பிறகு குடித்தார். குழந்தைபோல, பாக்கெட் சப்பையாகும் வரை உறிஞ்சிக் குடித்தார்.

மீதிப் பாக்கெட்டுகளை வைக்க மேசையில் இடம் பண்ணுவதற்காக ஆட்டா ஃபிளாஸ்கைத் தூக்கினான்.

கனத்தது. மூடிவரைக்கும் சூப் நிறைந்திருந்தது.

காலையிலேயே வார்டு வாசலில் அதை வாங்கிக்கொள்ளாமல், வீட்டுப் பெரியவர்கள் வரட்டும் என்று அவளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

அவன் அதைக் கீழே வைக்க மறந்து, மார்போடு அணைத்தபடி நின்றான்.

அராபா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். கட்டில் விளிம்பில் நேராக உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். வீட்டு வாசலில் விருந்தாளியிடம் எல்லாரும் கேட்பதுபோலவே, வார்த்தை பிசகாமல் கேட்டாள்.

"இங்க எல்லாம் அமைதிதான் மாமா. வழி நடந்து வந்தவங்க நீங்கதான். என்ன சேதி?"