வாசல் வரைக்கும் ஒரு பள்ளம்

"ஒரே குழாய், ஆளுக்குப் பாதிப் பங்கா? அதெல்லாம் சரிப்படாதும்மா. என் குழாயை நான் இழுத்துக்கறேன். உன் வீட்டு விஷயத்தை நீ பாரு."

முன்வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டார். பின்வீட்டுக்காரி மனுவும் கையுமாக நின்றாள்.

தெருமுனை மெயின் குழாயிலிருந்து வீடு வரைக்கும் எத்தனை அடியோ, அத்தனைக்கும் இணைப்பு கேட்பவர்தான் கட்ட வேண்டும் என்று தண்ணீர் ஆபீஸில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். சந்தின் தொடக்கத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குப் பத்தடி. கடைசியில் இருக்கும் இவள் வீட்டுக்கு எண்பது.

கல்லில்கூட நார் உரித்துவிடலாம், இந்த மனுஷனிடம் முடியாது என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள்.

புருஷனுக்கு நைட் ஷிஃப்ட். விடிந்ததும் ஆறு மாசப் பிள்ளையைத் தொட்டிலில் விட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு பொதுக்குழாய்க்கு ஓட வேண்டும். வரிசையில் உடம்புதான் நிற்கும், மனசு தொட்டிலையே சுற்றும்.

பதினைந்து நாள் கழித்து ஒரு காலை. குடத்தோடு திரும்பினால், அவள் வாசற்படியை ஒட்டிப் பெரிய பள்ளம். குழாய்க்காரர் உள்ளே இறங்கி மண்ணை வாரிக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே, முன்வீட்டு சார் வாசல் அங்க இருக்கு. இங்க எதுக்கு வெட்டறீங்க? இடுப்புல குடத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன பறந்தா உள்ள போறது?"

"கோவிச்சுக்காத தங்கச்சி. லைனை சந்தோட கடைசி வரைக்கும் கொண்டுபோகணும்னு முன்வீட்டுக்காரர்தான் எழுதிக் குடுத்திருக்கார். முழுசுக்கும் அவரே கட்டிட்டார். இனிமே நீ மனு போட்டா ரெண்டடிக்குக் கட்டினாப் போதும்."

குடத்தை இறக்கி வைத்தாள்.

முன்வீட்டுக்காரர் அவர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எதிரே போய் நின்றாள்.

"என்ன சார் இது? பாதி நான் தர்றேன்னுதானே வந்தேன்?"

"நீ பாதியைச் சேக்கறதுக்குள்ள வருஷம் ஓடிடும். அது வரைக்கும் என்னால தாங்காது."

"எது சார்?"

"நீ தண்ணிக்குப் போனா உன் பிள்ளை சமத்தாத் தூங்குதுன்னா நினைச்சுட்டிருக்கே?" அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ தெரு திரும்பினதும் முழிச்சுக்குது. நீ தெருமுனைக்கு வர்ற வரைக்கும் தினமும் உன் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, காக்கா மாதிரியும் நாய் மாதிரியும் கத்திக் காட்டறேன். முட்டி வலிக்குதும்மா."