ஆண்டுக் கூட்டத்துக்கு ஆள் தேவை

"நான் தூங்குமூஞ்சியா? அந்த அர்ஜுனன் என்னையா அப்படிச் சொன்னான்?"

தங்கையா கேட்ட வேகத்தில் கையிலிருந்த தேநீர் பாதி தரையில் போனது. தேயிலைத் தோட்டத்து நல உதவிச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். எதிரே நின்ற ரூபினி சங்கத்தின் செயலாளர். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி.

"மெதுவா பேசுங்க மாமா. ஏதோ கோவத்துல வந்த வார்த்தையா இருக்கும். நீங்க பெரிய மனுசன், மனசுல வச்சிக்காதீங்க."

"வேற என்ன சொன்னான்?"

"வேணாம் மாமா."

"சொல்லுன்னா சொல்லு!"

"தலைவர் நாற்காலிய உங்களுக்கு யாரும் எழுதி வைக்கலையாம். ஞாயித்துக்கிழமை கூட்டத்துல அவரே தலைவருக்கு நிக்கப் போறாராம். கியா பார்ம் ஆளுங்க மொத்தமும் அவரு பக்கமாம்."

"வரட்டும் லா! மேல் லயம், கீழ் லயம், ஒரு வீடு விடாம நான் கூட்டிட்டு வரேன். யாரு தூங்குமூஞ்சின்னு பாத்துடலாம்!"

ரூபினி பெருமூச்சு விட்டாள். அவளுடைய கவலை வேறு. ஆண்டுக் கூட்டத்துக்கு உறுப்பினர்களில் பாதிப் பேராவது வரவேண்டும் என்பது சங்கத்தின் விதி. போன வருடமும், அதற்கு முந்தின வருடமும் வந்தவர்களைவிட நாற்காலிகள்தான் அதிகம். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் தருவதாகச் சொல்லியும் ஜனம் அசையவில்லை. பொட்டலத்தை வீட்டுக்கு அனுப்பச் சொன்னார்கள்.

இந்த முறையும் கூட்டம் நடக்காவிட்டால் பதிவு ரத்தாகும் என்று சங்கப் பதிவிலாகா சொல்லிவிட்டது. பதிவு போனால் சங்கத்தின் பெயரில் இருக்கும் வேனும் போகும். அந்த வேனில்தான் ரூபினியின் அம்மா மணியம்மா வாரம் தவறாமல் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறாள். நோயாளி அம்மாவை மலைப்பாதையில் மோட்டார் சைக்கிளில் உட்கார வைத்துக் கொண்டுபோக முடியாது.

அன்று மாலையே பக்கத்து ஊரான கியா பார்முக்குப் போனாள். அர்ஜுனன் தோட்ட வேலையை விட்டுவிட்டு அங்கே சாலையோரம் காய்கறி, பழக் கடை போட்டிருந்தார். சங்கத்தில் இன்னும் உறுப்பினர்தான்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு நீங்க வராம இருந்தா நல்லது. தங்கையா மாமா ரொம்பக் கோவமா இருக்காரு."

"நான் ஏன் வரக்கூடாது?"

"தோட்டத்த விட்டு ஓடிப்போய் ஸ்ட்ராபெரி விக்கிறவனுக்குச் சங்கத்துல என்ன வேலைன்னு... அய்யோ, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்கண்ணே!"

முட்டைக்கோசு அடுக்கிக்கொண்டிருந்த அர்ஜுனன் நிமிர்ந்தார். "ஓடிப்போனவனா? சங்கம் ஆரம்பிச்சப்ப வீடு வீடா போய் ஆள் சேர்த்தவர் எங்கப்பா, தெரியுமா?"

"சண்ட வேணாம்ணே. சமாதானமா போயிடலாம்."

"என்ன சமாதானம்? திரிங்காப்பு வரைக்கும் இருக்கிற நம்ம சங்கத்து ஆளுங்க அத்தன பேரையும் காய்கறி லோரில ஏத்திட்டு வரேன். நானே தலைவருக்கு நிக்கிறேன்!"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். செயலாளர் பதவியும் அப்படித்தான். அந்த வாரம் முழுக்க ரூபினி மேலும் கீழும் அலைந்து, "வேணாம் மாமா", "வேணாம்ணே" என்று கெஞ்சினாள். கெஞ்சக் கெஞ்ச இருவரும் மிஞ்சினார்கள். நேரில் போய்ப் பேசினால் கௌரவம் குறைந்துவிடும் என்று ஒருவரை ஒருவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. கூட்டத்துக்கு வராத ஜனம் சண்டைக்கு வராமல் இருக்குமா? லோரி லோரியாக வந்து இறங்கினார்கள். நாற்காலி போதாமல் காய்கறிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். கீழ் லயத்துக் குமுதா கைக்குழந்தையோடு முன்வரிசையில் இடம் பிடித்திருந்தாள்.

"சீக்கிரம் ஆரம்பிங்க லா! அடிதடி எப்ப?"

ரூபினி மைக்கைப் பிடித்தாள். "பாதிக்கு மேல வந்துட்டீங்க. கூட்டம் சட்டப்படி ஆரம்பிக்குது."

அறிக்கை வாசித்தாள், கணக்கு வாசித்தாள். சண்டையைச் சீக்கிரம் பார்க்கிற ஆசையில் ஜனம் எல்லாவற்றுக்கும் கையைத் தூக்கியது. கடைசியில் வாக்கெடுப்பு. தங்கையா ஜெயித்தார். அர்ஜுனன் எழுந்து சட்டைக் கையை மடிப்பதற்குள், துணைத் தலைவர் பதவிக்கு அவர் பெயரை ரூபினி முன்மொழிந்துவிட்டாள். கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. வேன் பிழைத்தது. குமுதாவுக்குத்தான் ஏமாற்றம்.

கூட்டம் கலைந்ததும் அர்ஜுனன் தேநீரோடு தங்கையாவிடம் வந்தார்.

"ஜெயிச்சிட்டீங்க, சந்தோஷம். ஆனா என்னை ஓடிப்போனவன்னு சொன்னீங்களே மாமா, அதுதான் மனசுல நிக்குது."

"நான் எப்பய்யா சொன்னேன்? நீதானே என்னைத் தூங்குமூஞ்சின்னு சொன்ன!"

"நானா? தீபாவளிக்கு அப்புறம் உங்க பேரையே நான் எடுத்ததில்ல லா!"

இருவரும் ஒரே நேரத்தில் வாசல் பக்கம் திரும்பினார்கள். அம்மாவை வேனில் ஏற்றி வண்டியைக் கிளப்பியிருந்த செயலாளர் ரூபினி, ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கும்பிட்டாள்: "மாமா, அண்ணே, கோவிச்சுக்காதீங்க... அறிக்கையில ஒரு பொய்கூட எழுதல!"