மூன்று இழுப்பு

கயிறு அசையவில்லை.

மெத்தைக் கிடங்கின் வாசலில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்த தீயணைப்பு வீரர் அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பிடித்திருந்தார் என்பது சும்மா பேச்சுக்கு. அந்தப் பிடியில் ஒரு யானை மாட்டியிருந்தால், செய்யாத தப்புக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டிருக்கும்.

உள்ளேயிருந்து வந்ததைப் புகை என்று சொன்னால் மற்ற புகைகளுக்கு அவமானம். கத்தி வைத்து வெட்டிக் கிலோக் கணக்கில் விற்கலாம். மூன்று தெரு தள்ளி மொட்டை மாடியில் காய்ந்த வெள்ளைச் சட்டையெல்லாம் பத்தே நிமிடத்தில் வக்கீல் கோட்டாகிவிட்டது.

அந்தப் புகைக்குள், கயிற்றின் அந்தப் பக்கத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு போயிருந்தது அவருடைய மச்சான். மனைவியின் தம்பி. ஒரே நிலையம், ஒரே வண்டி.

இருவருக்கும் பேச்சு நின்று பதினோரு மாதம்.

ஏன் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியாததால் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். இரவல் வாங்கிய டிரில் மிஷின் திரும்பி வராததுதான் என்பது மாமியாரின் கட்சி. சீட்டாட்டம் என்றார் சகலை. நடுவில் நின்று சமாதானம் பேசிப் பேசி, ஐ.நா. சபையே கூப்பிட்டு வேலை கொடுக்கும் அளவுக்கு மனைவி தேறிவிட்டாள்.

கொடுமை என்னவென்றால், காரணம் அவருக்கே தெரியாது. ஒருநாள் மச்சான் வாயை மூடிக்கொண்டார். அவ்வளவுதான்.

அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மச்சான் வண்டி டிரைவரின் முகத்தைப் பார்ப்பார். "அண்ணே, அந்த ஆளக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க." அந்த ஆள் ஒரு முழம் தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பார்.

ஆனால் தீ என்று வந்துவிட்டால், கயிற்றின் நுனியை மச்சான் வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை.

ஆகவே அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் கயிற்றில்தான். ஒரு இழுப்பு வந்தால், நன்றாக இருக்கிறேன். இரண்டு வந்தால், இன்னும் கயிறு விடு. மூன்று வந்தால், என்னை வெளியே இழு. மூன்றுக்கு யோசிக்கக் கூடாது. உடம்பில் உள்ள பலத்தையெல்லாம் போட்டு இழுக்க வேண்டும். கயிறு பிடிப்பவர் எது நடந்தாலும் வாசலைத் தாண்டக் கூடாது.

உள்ளே காவலாளி தூங்கிக்கொண்டிருந்தார் என்று யாரோ சொன்னதும் மச்சான் இறங்கினார். நிமிடத்துக்கு ஒரு இழுப்பு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

இப்போது மூன்று நிமிடமாக ஒன்றும் இல்லை.

அவர் ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். பதில் இல்லை. இன்னொரு தடவை. கயிறு கல்லில் கட்டியதுபோலக் கிடந்தது.

மற்றவர்கள் கட்டிடத்தின் பின்பக்கம் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். உதவிக்கு வரவேண்டிய இரண்டாவது வண்டி எங்கோ டிராபிக்கில் மாட்டிக்கொண்டு, சைரன் ஒரே இடத்தில் நின்று அழுதது.

முதுகுக்குப் பின்னால் கூட்டம். தலைக்கு ஒரு செல்போன், செல்போனுக்கு ஒரு யோசனை. "சார், டபுள் பெட் மெத்தை ஒண்ணு ரெண்டு தேறுமா சார்?" என்றது ஒரு குரல்.

அவர் திரும்பவில்லை. உள்ளங்கை வேர்த்து வழுக்கியது. இன்று வீட்டுக் கதவைத் திறந்ததும் மனைவி முதலில் தம்பியைத்தான் தேடுவாள். எப்போதும் அப்படித்தான்.

கயிறு துள்ளியது.

ஒன்று. இரண்டு. மூன்று. நிற்கவில்லை. நான்கு, ஐந்து... ஒன்பது வரை எண்ணினார். ஒன்பதுக்கு அர்த்தமே கிடையாது. எந்தப் பயிற்சியிலும், எந்தப் புத்தகத்திலும்.

இழுத்தார். தோள்பட்டை கழன்று கையோடு வந்துவிடும்போல இழுத்தார். கனம் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. முதலில் செருப்பில்லாத ஒரு கால் தெரிந்தது.

காவலாளி.

மச்சானின் முகமூடி அவர் முகத்தில். மச்சானின் முடிச்சு அவர் நெஞ்சைச் சுற்றி. காவலாளி இருமினார். உயிர் இருந்தது.

கயிறு வந்துவிட்டது. முகமூடியும் வந்துவிட்டது. மச்சான் வரவில்லை.

இருபத்தாறு வருட சர்வீஸில் முதல்முறையாக அவர் வாசலைத் தாண்டினார். நாலு அடிகூடப் போயிருக்கமாட்டார். முழங்காலில் ஏதோ முட்டியது. குனிந்து தடவினார். ஒரு தலை. தரையில் கிடந்த தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து வந்திருக்கிறது. சட்டைக் காலரைப் பிடித்து, கோணியை இழுப்பதுபோலத் தெருவுக்கு இழுத்து வந்து போட்டார்.

மச்சானுக்கு மூச்சு வரச் சற்று நேரமானது. டிரைவர் ஆக்சிஜனோடு ஓடிவந்து குனிந்தார். மச்சான் அதை ஒரு கையால் விலக்கிவிட்டு, டிரைவரைப் பார்க்காமல் நேராக அவரைப் பார்த்தார்.

"மாமா."

அவர் பக்கத்தில் முட்டி போட்டுக் குனிந்தார்.

"அன்னிக்குத் துணிக்கடைல மூணு இழுப்பு வந்துச்சே... அது நான் இழுத்தது இல்ல, மாமா."

பதினோரு மாதத்துக்கு முந்தைய தீ. மூன்று வந்தது, அவர் யோசிக்காமல், உடம்பில் உள்ள பலத்தையெல்லாம் போட்டு இழுத்தார். மச்சான் வாசலில் வந்து விழுந்த மறு நிமிடம் கூரை இறங்கிவிட்டது. உள்ளே தையல் பிரிவில் ஒரு பெண் இருந்திருக்கிறாள் என்பது மறுநாள் உடல் கிடைத்தபோதுதான் தெரிந்தது. இருட்டில் அவள் கைக்கு ஒரு கயிறு தட்டுப்பட்டிருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

"வாயத் திறந்தா இதுதான் வரும்னு தெரியும்," என்றார் மச்சான். "அதான் உங்ககிட்ட பேசாமலே இருந்துட்டேன்."