வாசலைப் பார்த்து ஒரு பாட்டு

மாடிப்படி முடிகிற இடத்தில் அப்பாவின் சுடுதண்ணிப் போத்தல் தொங்கிக்கொண்டிருந்தது.

துப்புரவு வண்டியின் கைப்பிடியில், சிவப்பு நாடா சுற்றிய அதே போத்தல். வெள்ளி மாலைகளில் லுசேர்ண் நகரில் ஏதோ ஒரு கட்டடத்தைத் துடைக்கிறார் என்று தெரியும். எந்தக் கட்டடம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நல்ல மகள்.

நோயெமி என்னை அறைக்குள் இழுத்தாள். அவள் என் காதலி, யூதப் பெண். தன்பாலீர்ப்புள்ள யூதர்களும் அவர்களின் துணைகளும் கூடித் தொழுது, பிறகு சேர்ந்து சாப்பிடும் கூட்டம் இது. வா வா என்று பலநாள் கூப்பிட்டாள். இன்றைக்குத்தான் வந்தேன்.

யாரும் தாக்க வந்துவிடக் கூடாதென்று, கீழ்வாசலில் பெயரைச் சரிபார்த்துத்தான் மேலே விட்டார்கள். அவர்களுக்குத் தெருவை நினைத்துப் பயம். எனக்கு வீட்டை நினைத்து.

பெரியப்பாவின் மகன் இன்னொருவனோடு வாழப் போனபோது அப்பா சொன்னது காதிலேயே நிற்கிறது. "எனக்கு அப்பிடியொரு பிள்ளை இருந்தா, செத்துப்போச்செண்டு நினைச்சுக்கொண்டு இருந்திடுவன்."

கதவுக்கு முதுகைக் காட்டி முன்வரிசையில் உட்கார்ந்தேன். மெழுகுதிரிகள் எரிந்தன, பாட்டு தொடங்கியது. எல்லோரும் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்கள்.

அப்போதுதான் பாதம் குளிர்ந்தது.

தொழுகிற இடம் என்றதும், பழக்கதோஷத்தில் அறை வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றியிருக்கிறேன். மற்ற எல்லோரும் சப்பாத்தோடு இருந்தார்கள். வெளியே கிடப்பது ஒரே ஒரு சோடி. பச்சை நிறம். பிறந்தநாளுக்கு அப்பாவே வாங்கித் தந்தது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் காலால் கெட்டேன்.

எடுத்து வரவும் துணிவில்லை. போய் அப்பாவோடு நேருக்கு நேர் முட்டினால்?

பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை.

அந்த நேரம் பார்த்து எல்லோரும் எழுந்தார்கள். பாட்டின் கடைசி அடிக்கு வாசலைப் பார்த்துத் திரும்பி, வெள்ளி மாலையில் தொடங்கும் தங்கள் ஓய்வுநாளை மணமகளாக வரவேற்றுத் தலைகுனிய வேண்டுமாம். நோயெமி கையைப் பிடித்து என்னையும் திருப்பினாள்.

வாசலில் அப்பா.

அறை முழுவதும் அவரைப் பார்த்துக் குனிந்தது. தன்னைத்தான் வரவேற்கிறார்கள் என்று நினைத்துவிட்டார் மனுசன். பதறிப்போய் இரண்டு கைகளையும் கூப்பினார். அவர் கண் என்னிடம் வந்து நின்றது. பிறகு, நோயெமியின் கைக்குள் இருந்த என் கைக்குப் போனது.

குப்பை எடுக்க வந்திருப்பார். பேசாமல் போய்விடுவார். இனி வீட்டுக் கதவு எனக்குத் திறக்காது.

அப்பா போகவில்லை.

"உள்ள வரலாமோ, பிள்ளை?" என்றார்.

அப்போதுதான் அவர் காலைப் பார்த்தேன். வேலை நேரத்தில் ஒருபோதும் கழற்றாத சப்பாத்தைக் கழற்றியிருந்தார். அது அவருக்குப் பின்னால், என் பச்சைச் சப்பாத்துக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது.