பச்சை பட்டன்

மாப்பிள்ளையின் வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பட்டறை வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவனைப் பார்த்ததும் லேத்துக்காரர் முகத்தைச் சுளித்தார்.

இன்னும் வெயில்கூட ஏறவில்லை. அதற்குள் எங்கேயோ போய் ஊற்றிக்கொண்டு வந்துவிட்டான்!

"மா… மா… மாமா, அ… அந்த…"

பதற்றம் வந்தால் மாப்பிள்ளைக்கு வாய் திக்கும். லேத்துக்காரருக்கு அதுவும் பிடிக்காது.

"வாங்க துரை. நீங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். உள்ள போய்ப் படுங்க."

வேலை போன கையோடு மாமனார் வீட்டுக்கு வந்து ஒட்டிக்கொண்டவன். சாப்பாட்டுக்கு முதல் ஆள், பட்டறைக்குக் கடைசி ஆள். சற்று முன்புகூடக் கொல்லைக் குழாயடியில் குந்தி, பெண்டாட்டியின் துணிகளை அலசிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்தபோதே இவருக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிருந்தது.

இன்றைக்குப் பார்த்து லேத்தும் சதி செய்தது. யானை மாதிரி பெரிய கடைசல் இயந்திரம். பழசுதான், நேற்றுதான் வந்து இறங்கியது. மில்லுக்காரர் ரோலரைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, சாயந்தரத்துக்குள் கடைந்து தராவிட்டால் வேறு பட்டறையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிப் போயிருந்தார். இவன் வாசலுக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பச்சை பட்டனை அமுக்கியதும் ஒரே ஒரு உறுமல். அதோடு ப்ரேக்கர் விழுந்து, பட்டறை, வீடு இரண்டும் அணைந்துபோயின. பக்கத்துக் கடை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

"கியர்ல போட்டபடியேவா ஸ்டார்ட் பண்ணீங்க? பெரிய மோட்டார்ண்ணே. கிளம்புற நேரத்துல அஞ்சாறு மடங்கு கரண்டு இழுக்கும். ப்ரேக்கர் எப்படித் தாங்கும்?"

எலக்ட்ரீஷியன் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். கம்ப்ரசரை நிறுத்தச் சொன்னார். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து டைமரைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

"முதல்ல மெதுவாச் சுத்தட்டும். வேகம் புடிச்சப்புறம் தானா முழு பவருக்கு மாறிக்கும். ஆமா, ஒயரிங் யாரு பண்ணது?"

"நானேதான். ஒயரு இழுத்து, எர்த்தையும் தண்ணிக் குழாயிலயே நேத்தே கட்டிட்டேன். உனக்காகக் காத்திருந்தா ஆகுற கதையா?"

எலக்ட்ரீஷியன் வீட்டின் பின்பக்கம் போய், குளியலறையின் வெளிச்சுவரில் இருந்த ப்ரேக்கரைத் தூக்கிவிட்டு வந்தார். மாப்பிள்ளை இன்னும் வாசலை விட்டு நகரவில்லை.

"மாமா, வே… வேணாம்… உ… உள்ள…"

"வேணாமா? மூணு வேளையும் கொட்டிக்கிறியே, அது எங்கேர்ந்து வருதுன்னு நெனச்ச? மூஞ்சியக் காட்டாதே, போ!"

திரும்பிப் பட்டனை அமுக்கினார். மோட்டார் முனகியது. மெல்லச் சுற்றியது. முனகல் ரீங்காரமாக ஏறியது. லேத்துக்காரர் முகத்தில் சிரிப்பு வந்த நேரத்தில், எல்லாம் அடங்கிப்போனது.

வாசலில் மாப்பிள்ளை இல்லை.

பின்பக்கம் போய் ப்ரேக்கரைப் பார்த்துவிட்டு வந்த எலக்ட்ரீஷியனின் முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"அண்ணே, இது ட்ரிப் ஆகல. ட்ரிப் ஆனா கைப்பிடி நடுவுல நிக்கும். இது முழுசாக் கீழ கெடந்துச்சு. யாரோ கையால இறக்கியிருக்காங்க. தூக்கி விட்டுட்டுத்தான் வர்றேன்."

யார் என்று கேட்க லேத்துக்காரருக்குத் தோன்றவில்லை. காறித் துப்பினார்.

சோம்பேறி என்றால் பொறுத்துக்கொள்ளலாம், குடிகாரன் என்றால்கூடத் தலையெழுத்து என்று விட்டுவிடலாம். உண்ட வீட்டு அடுப்பில் தண்ணீர் ஊற்றுகிறவனை என்ன செய்வது? இவனுக்கா பெண்ணைக் கொடுத்தோம் என்று நினைக்கும்போதே உடம்பு எரிந்தது.

"நீ பட்டன அமுக்கு. நான் பின்னாடி போறேன்."

கொல்லையில் காய்ந்துகொண்டிருந்த போர்வைக்குப் பின்னால் போய் நின்றார். மாப்பிள்ளை குளியலறைக் கதவில் வாயை வைத்து என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். பட்டறையில் மோட்டார் முனகியது. அவன் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பி, ப்ரேக்கரை நோக்கிக் கையை நீட்டினான்.

லேத்துக்காரர் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார்.

"சீ! நீயெல்லாம் ஒரு மனுஷனாடா? சோறு போடுற கையையே வெட்டுறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

மோட்டார் வேகம் பிடித்து அலறியது. மாப்பிள்ளை திமிறினான். அவன் கண்கள் பிதுங்கின, வாய் திறந்தது, சொல் வரவில்லை.

"என்னடா முழிக்கிற? இன்னிக்கே மூட்டையக் கட்டு. என் பொண்ண எனக்குப் பாத்துக்கத் தெரியும்!"

மாப்பிள்ளை உடம்பை முழுக்கத் திருப்பி, முழங்கையால் கைப்பிடியைக் கீழே இடித்தான். மோட்டாரின் சத்தம் தேய்ந்து, நின்றது.

லேத்துக்காரர் அறையக் கையை ஓங்கினார்.

அந்த அமைதியில், குளியலறைக்கு உள்ளேயிருந்து மகளின் குரல் கேட்டது.

"சோப்போட நிக்கிறேங்க, கண்ணு எரியுது… குழாயில கரண்டு அடிக்குதுன்னீங்களே, இப்பத் தொடலாமா?"